தொடக்கம், நிறுத்தம், நகர்வு

தமிழ் எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரு வலைப்பக்கத்தில் அட்டவணையாகக் காட்ட வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எச்.டி.எம்.எல். மட்டும் கற்றவர் இதைக் கையாலேயே செய்துவிடலாம். எழுத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தைத் திறக்க ஒரு குறி, மூட ஒரு குறி. காப்பி, பேஸ்ட், எழுத்தை மாற்று. மறுபடியும் காப்பி, பேஸ்ட், எழுத்தை மாற்று. பொறுமை இருந்தால் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தின் ஒலியைக் கேட்க ஒரு பொத்தான் வேண்டும் என்று மறுநாள் யாராவது சொன்னால் 247 இடங்களில் கை வைக்க வேண்டும். சில இடங்கள் விட்டுப்போகும். எவை என்று தேடுவது எழுதியதைவிடப் பெரிய வேலை.

இதே அட்டவணையை ஜாவாஸ்கிரிப்டில் சில வரிகளில் முடிக்கலாம். பொத்தான் சேர்க்க ஒரே ஓர் இடத்தைத் திருத்தினால் போதும். அந்தச் சில வரிகளுக்குள் இருப்பதுதான் லூப். பாடநூல்கள் இதை 'மடக்கு' என்கின்றன. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் எல்லோரும் லூப் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நிரல் கற்கத் தொடங்குபவர்களில் பலர் மாறிகளைத் தாண்டிவிடுகிறார்கள். 'இப்படி என்றால் இதைச் செய்' என்ற நிபந்தனையையும் தாண்டிவிடுகிறார்கள். லூப்பில் வந்து நிற்கிறார்கள். அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் புதிதாக இருப்பதால் வரும் தயக்கம் இரண்டே நாளில் போய்விடும். உண்மையான தடை வேறு. அதுவரை நிரலின் ஒரு வரி ஒரு முறைதான் ஓடியது. இப்போது அதே வரி பல முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு மதிப்புகளோடு. கண்ணுக்குத் தெரிவது ஒரு வரி. நடப்பது நூறு நிகழ்ச்சி. அந்த நூறையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. எங்கே தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் எது நகர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் எந்த லூப்பையும் படிக்கலாம், எழுதலாம், திருத்தலாம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த மூன்று கேள்விகளைப் பற்றியதுதான்.

கோலப் புத்தகத்தில் ஒரு நிரல்

மார்கழியில் வரும் கோலப் புத்தகங்களைப் பாருங்கள். படத்தின் கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: 'இடுக்குப் புள்ளி, 15 முதல் 8 வரை.' கோலம் போடத் தெரிந்தவருக்கு அது போதும். நடுவரிசையில் 15 புள்ளி வைப்பார். அதற்கு மேலே, புள்ளிகளின் இடுக்கில் 14. அதற்கு மேலே 13. இப்படியே 8 வந்ததும் நிறுத்துவார். பிறகு கீழ்ப்பக்கமும் அவ்வாறே.

அந்த ஒரு வரியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. தொடக்கம் 15. நிறுத்தம் 8. 'இடுக்கு' என்பதால் வரிசைக்கு ஒன்று குறைய வேண்டும், அது நகர்வு. 'நேர்ப் புள்ளி, 15 முதல் 1 வரை' என்றிருந்தால் இரண்டிரண்டாகக் குறையும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபார் லூப்பும் தலைப்பில் இந்த மூன்றைத்தான் கேட்கிறது:

ஃபார் (லெட் புள்ளி = 15; புள்ளி >= 8; புள்ளி = புள்ளி - 1) {
    வரிசை_இடு(புள்ளி);
}

நிரல்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஃபார், லெட் போன்ற கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் 'புள்ளி' என்ற மாறியின் பெயரும் 'வரிசை_இடு' என்ற செயற்கூறின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைத் தடையின்றி ஏற்கும். வரிசை_இடு என்பது நாமே எழுதிக்கொள்ளும் சிறு செயற்கூறு: கொடுத்த எண்ணிக்கையில் புள்ளிகளை ஒரு வரியாகப் பக்கத்தில் சேர்க்கும்.

இது ஓடும் வரிசையைக் கவனியுங்கள். தொடக்கப் பகுதி ஒரே ஒரு முறைதான் நடக்கும்: புள்ளி 15 ஆகிறது. அடுத்து நிபந்தனை: 15 என்பது 8 அல்லது அதற்கு மேலா? ஆம். உள்ளே இருக்கும் வேலை நடக்கிறது. வேலை முடிந்த பிறகே நகர்வு: புள்ளி 14. மீண்டும் நிபந்தனை, வேலை, நகர்வு. 8 புள்ளி வரிசையும் முடிந்ததும் புள்ளி 7 ஆகிறது, நிபந்தனை பொய்யாகிறது, லூப் முடிகிறது. தலைப்பில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அவை நடக்கும் நேரங்கள் வேறு வேறு. முதல்நாள் மாணவர் தாளில் எழுதிப் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

இந்த நிரலை ஓட்டினால் பாதிக் கோலம்தான் வரும்; அதுவும் தலைகீழாக. தரையில் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போகலாம். வலைப்பக்கம் மேலிருந்து கீழாக நிரம்புவது. ஆகவே முதல் லூப் 8இல் தொடங்கி 15 வரை ஏற வேண்டும். இரண்டாவது லூப் 14இல் தொடங்கி 8 வரை இறங்க வேண்டும். வரிகளைப் பக்கத்தின் நடுவில் அமைக்கச் சொன்னால் போதும், புள்ளிகள் தாமாகவே இடுக்கில் போய் உட்காரும்.

இரண்டாவது லூப் ஏன் 14இல் தொடங்குகிறது? 15 என்று எழுதினால் நடுவரிசை இரண்டு முறை வந்துவிடும். சரியான கோலத்தில் 15 வரிசை, 169 புள்ளி. தவறானதில் 16 வரிசை, 184 புள்ளி. திரையில் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஆனால் அந்தப் புள்ளிகளின் மேல் கோடு இழுத்தால் கோலம் கூடிவராது. லூப்பில் அடிக்கடி வரும் தவறு இந்த வகைதான்: ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும்.

கோலத்துக்கும் கணினி அறிவியலுக்கும் உள்ள உறவு நான் இங்கே முடிச்சுப்போட்டது அல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கும் முறையைப் பற்றி 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சிறிய விதி, அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு பெரிய வடிவம்: படமொழிகள் என்ற ஆய்வுத் துறையில் அந்த வேலை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

கணினிக்கு முன்பே பிறந்த லூப்

லூப் கணினியைவிட மூத்தது. 1843இல் அடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றிய ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீண்ட குறிப்புகளைச் சேர்த்தார். அந்த இயந்திரம் கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை. துணித்தறியில் பூவேலைக்குப் பயன்பட்ட துளை அட்டைகளைக் கொண்டே அதற்குக் கட்டளை தருவதாகத் திட்டம். ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வந்தால் அதே அட்டைகளை மீண்டும் மீண்டும் குத்தி அடுக்க வேண்டுமா? வேண்டாம், அட்டைத் தொடரைப் பின்னோக்கி நகர்த்தி மறுபடியும் படிக்கச் செய்யலாம் என்பது பாபேஜின் ஏற்பாடு.

லவ்லேஸின் கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் 25 செயல்கள். 13 முதல் 23 வரையுள்ள செயல்களைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அதிலேயே குறித்திருக்கிறார். எது திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் எது மாறுகிறது என்பதைப் பிரித்துப் பார்த்த கண் அது. இன்று எழுத்து அட்டவணையை எழுதும் மாணவருக்குத் தேவைப்படுவதும் அதே கண்தான்.

ஒரு நூற்றாண்டு கழித்து, சூரிச்சில் ஹெயின்ஸ் ருடிஷௌசர் என்ற கணித அறிஞர் தாம் வகுத்த சூப்பர்பிளான் மொழியில் லூப்புக்கென்றே ஒரு கட்டளைச் சொல்லை வைத்தார். ஜெர்மன் மொழியில் 'ஃப்யூர்'. இன்றைய 'ஃபார்' அதன் வழிவந்தது. 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் லூப்புக்கு 'டூ' கட்டளை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகளை அரைப்புள்ளியால் பிரிக்கும் வடிவத்தை உலகமெங்கும் பரப்பியது. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதியபோது அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார். அதனால் இன்று பிரவுசரில் கற்கும் லூப் நாளை சி, ஜாவா, பி.எச்.பி. எதற்குப் போனாலும் உடன் வரும்.

லூப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? 1966இல் போம், யாகோபினி என்ற இரு இத்தாலிய ஆய்வாளர்கள் எந்தக் கணக்கீட்டையும் மூன்று அமைப்புகளைக் கொண்டே எழுதிவிடலாம் என்று காட்டினார்கள்: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, நிபந்தனை பார்த்துப் பிரிவது, திரும்பச் செய்வது. மூன்றாவதைக் கற்ற அன்றே, கொள்கை அளவில், நிரல் எழுதத் தேவையான அடிப்படை முழுமையாகிவிடுகிறது. மீதியெல்லாம் அதைச் செம்மையாகப் பயன்படுத்தும் கலை.

எங்கே தடுக்குகிறது

தொடக்க மாணவர்களின் லூப் தவறுகளை ஆய்வாளர்கள் நீண்ட நாளாகவே கவனித்து வருகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே குழுவினரின் 'மழைக் கணக்கு' இத்துறையில் புகழ்பெற்றது. கணக்கு எளிது: தினசரி மழையளவுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள், 99999 என்று வந்தால் நிறுத்து, சராசரியைச் சொல். இதில் மாணவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கினார்கள். நிறுத்துவதற்காகக் கொடுத்த 99999ஐயும் மழையோடு கூட்டிவிட்டார்கள். முதல் எண்ணே 99999 ஆக வந்தால் பூஜ்யத்தால் வகுத்தார்கள். இரண்டும் கூட்டல் தெரியாததால் வந்தவை அல்ல. நிபந்தனையை எப்போது பார்க்கிறோம், வேலையை எப்போது செய்கிறோம் என்ற வரிசையில் வந்தவை.

1983இல் சோலோவே, போனார், எர்லிச் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. மனிதர்கள் இயல்பாக 'ஒன்றை வாங்கு, அதைக் கவனி' என்று யோசிக்கிறார்கள். பாஸ்கல் மொழியின் லூப்போ முதல் எண்ணை லூப்புக்கு வெளியே வாங்கி, அடுத்ததை லூப்பின் கடைசியில் வாங்கச் சொல்கிறது. லூப்பின் நடுவிலேயே வெளியேற அனுமதித்த ஒரு வடிவத்தைக் கொடுத்தபோது சரியாக எழுதியவர்கள் கூடினார்கள். ஒரு கருவி நம் யோசனையின் ஓட்டத்தோடு ஒத்துப்போகாதபோது தவறு பிறக்கிறது. அதை அறிவுக்குறைவு என்று மாணவர் எண்ணிக்கொள்வது வீண் வேதனை.

ஆய்வுகளில் பதிவான இன்னொரு தவறான புரிதல்: நிபந்தனையை யாரோ எந்நேரமும் காவல் காத்துக்கொண்டிருப்பதாகவும், அது பொய்யான நொடியே லூப் அறுந்துவிடும் என்றும் நினைப்பது. அப்படி இல்லை. நிபந்தனை சுற்றின் வாசலில் மட்டுமே பார்க்கப்படுகிறது. உள்ளே நுழைந்துவிட்டால், நடுவில் 'பிரேக்' கட்டளை போன்ற ஏதாவது வெளியே அனுப்பினாலன்றி, அந்தச் சுற்று முழுவதும் நடந்தே தீரும்.

ஜாவாஸ்கிரிப்ட் கற்பவருக்கு அடுத்த தடுக்கல், பட்டியலின் எண் பூஜ்யத்தில் தொடங்குவது. 18 மெய்களைக் கொண்ட பட்டியலில் முதலாவதன் எண் 0, கடைசியின் எண் 17. நிபந்தனையில் 'எண் < 18' என்று எழுத வேண்டிய இடத்தில் 'எண் <= 18' என்று எழுதினால் பக்கத்தின் கடைசியில் 'அன்டிஃபைன்ட்' என்று ஒரு வேண்டாத சொல் வந்து நிற்கும். அது ஜாவாஸ்கிரிப்ட் தரும் தகவல்: அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பூஜ்யத்தில் தொடங்குவது வெறும் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய சிறு குறிப்பில் அதற்குக் காரணம் சொன்னார். தொடக்க எண்ணைச் சேர்த்துக்கொண்டு, முடிவெண்ணை விட்டுவிட்டால், இரண்டின் வித்தியாசமே எண்ணிக்கை. 0 முதல் 18க்கு முன்பு வரை என்றால் 18 சுற்று. 18 முதல் 31க்கு முன்பு வரை என்றால் 13 சுற்று. இரண்டு துண்டுகளும் இடைவெளியோ இரட்டிப்போ இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். கோலத்தின் நடுவரிசை இரண்டு முறை வந்த தவறு இந்த ஒழுங்கில் எளிதில் நுழையாது.

மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்வது

வலைநிரலில் மிகப் பரவலான இன்னொரு தவறு: பத்துப் பொருள் கொண்ட பட்டியலைப் பக்கத்தில் காட்டச் சொன்னால் கடைசிப் பொருள் மட்டும் தெரிகிறது. லூப் பத்து முறையும் ஒழுங்காக ஓடியிருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பழையதோடு சேர்ப்பதற்குப் பதிலாகப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்திருப்பார்கள். '+=' என்று எழுத வேண்டிய இடத்தில் '='. அல்லது சேகரிக்கும் மாறியை லூப்புக்கு உள்ளேயே தொடங்கியிருப்பார்கள். சுற்றுக்குச் சுற்று அது காலியாகிவிடும்.

இத்தகைய தவறுகளைத் தடுக்க ஓர் அருமையான கருவி உண்டு. 1967இல் ராபர்ட் ஃப்ளாய்டும் 1969இல் டோனி ஹோரும் நிரல்களைக் கணிதமுறையில் நிறுவுவதற்காக அதை வளர்த்தெடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் அது இருக்கிறது. லூப் ஓடும்போது மாறிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் உண்மையாகவே இருக்கும் ஒரு வாக்கியம் இருக்கும். அதற்கு மாற்றமிலி என்று பெயர்.

மழையளவுகளைக் கூட்டும் லூப்பின் மாற்றமிலி: 'மொத்தம் என்பது இதுவரை பார்த்த எண்களின் கூட்டுத்தொகை.' இந்த வாக்கியத்தை எழுதிவிட்டால் மற்றவை தாமாக விழும். லூப் தொடங்கும் முன் எதையும் பார்க்கவில்லை. ஆகவே மொத்தம் 0. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைப் பார்க்கிறோம்; அதை மொத்தத்தோடு சேர்த்தால் வாக்கியம் மறுபடியும் உண்மை. எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும், மொத்தம் என்பது எல்லாவற்றின் கூட்டுத்தொகை. பெருக்கல் என்றால் ஏன் 0இல் தொடங்காமல் 1இல் தொடங்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே புரியும்.

ஒரு மாதத்தின் மிக உயர்ந்த வெப்பநிலையைக் கண்டுபிடிக்கும் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'உச்சம் = 0' என்று தொடங்கி, அதைவிடப் பெரியது வரும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு போகலாம். சென்னைக்கு இது சரியாக ஓடும். எல்லா நாளும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் பனிப் பகுதிக்குக் கொடுத்தால், அந்த மாதத்தில் ஒருநாளும் வராத 0ஐ உச்சம் என்று சொல்லும். மாற்றமிலியை எழுதிப் பார்த்திருந்தால் தவறு முதலிலேயே தெரிந்திருக்கும்: 'உச்சம் என்பது இதுவரை பார்த்தவற்றில் பெரியது' என்ற வாக்கியம், எதையும் பார்க்காத தொடக்கத்தில் 0ஐ வைத்தால் உண்மையாகாது. பட்டியலின் முதல் எண்ணையே உச்சமாக வைத்துத் தொடங்க வேண்டும்.

சுற்றுக்குள் ஒரு சுற்று

இப்போது நம் எழுத்து அட்டவணைக்கு வருவோம். யூனிகோடில் தமிழ் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் வேலை இன்னும் எளிதாகும். 'க' ஒரு குறியெண். 'கா' இரண்டு குறியெண்கள்: 'க', அதன்பின் கால். 'கி' என்றால் 'க', அதன்பின் இகரக் கொக்கி. மெய்யான 'க்' கூட 'க'வோடு புள்ளி சேர்ந்தது. ஆகவே 18 எழுத்துகளின் பட்டியல் ஒன்று. குறிகளின் பட்டியல் ஒன்று. குறிப் பட்டியலில் அகரத்துக்கு வெற்றிடம், மற்ற உயிர்களுக்கு 11 குறிகள், மெய்க்கு ஒரு புள்ளி, ஆக 13.

ஃபார் (கான்ஸ்ட் எழுத்து ஆஃப் எழுத்துகள்) {
    ஃபார் (கான்ஸ்ட் குறி ஆஃப் குறிகள்) {
        அட்டவணை += கட்டம்(எழுத்து + குறி);
    }
}

வெளி லூப் 'க'வில் நிற்கும்போது உள் லூப் 13 குறிகளையும் முடிக்கிறது. வெளி லூப் 'ங'வுக்கு நகர்ந்ததும் உள் லூப் மறுபடியும் முதலிலிருந்து. 18 × 13 = 234. உயிர் 12ஐயும் ஆய்தத்தையும் சேர்த்தால் 247. ஒலிப் பொத்தான் வேண்டுமென்றால் 'கட்டம்' என்ற செயற்கூறுக்குள் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

மேலே எழுதியது இன்னொரு வடிவ லூப். 2015இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை இதைச் சேர்த்தது. பட்டியலின் முதல் பொருளில் தொடங்கு, பொருள் தீர்ந்தால் நில், அடுத்ததற்கு நகர்: மூன்று விடைகளையும் மொழியே பார்த்துக்கொள்கிறது. பட்டியலைப் பக்கத்தில் காட்டும் வேலைக்கு இதுவே நல்லது; ஒன்று கூடும், ஒன்று குறையும் தவறுக்கு இடமே இல்லை. ஆனாலும் மூன்று பகுதி வடிவத்தை முதலில் கற்றுவிட்டு இதற்கு வருவது நல்லது. மொழி நமக்காக எதைச் செய்கிறது என்று தெரிந்து பயன்படுத்துபவருக்கு அது தடம் மாறும்போதும் காரணம் தெரியும்.

தடம் மாறும் ஓர் இடம் தமிழிலேயே இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லை இதே லூப்பில் விட்டு எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். நாம் எண்ணுவது மூன்று: த, மி, ழ். லூப் ஓடுவது ஐந்து முறை, ஏனென்றால் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள். லூப்பில் தவறில்லை. ஒரு சுற்றின் அலகு எது என்பதில்தான் நமக்கும் கணினிக்கும் கருத்து வேறுபாடு. இதற்காகவே ஜாவாஸ்கிரிப்டில் 'செக்மென்டர்' என்ற கருவி வந்திருக்கிறது. அதைக் கொண்டு பிரித்தால் மூன்று கிடைக்கும். தமிழில் சொல் விளையாட்டோ எழுத்துப் பயிற்சியோ செய்ய நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் உருவாக்கியதும் உடனே பக்கத்தின் உள்ளடக்கத்தோடு '+=' போட்டுச் சேர்த்தால், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதுவரை இருந்த எல்லாக் கட்டங்களையும் அழித்து மறுபடியும் கட்டுகிறது. 247 கட்டத்துக்கு அது 1 + 2 + 3 என்று 247 வரை கூடி 30,628 கட்டங்களைக் கட்டும் வேலை. ஒரு மாறியில் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் கடைசியில் ஒரே முறை பக்கத்தில் வைத்தால் 247 போதும்.

நிற்காத லூப்

மூன்றாவது கேள்வியான நகர்வை மறந்தால் என்ன ஆகும்? 2008 டிசம்பர் 31 அன்று அது உலகுக்குத் தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் ஜூன் என்ற பாட்டுக் கருவியின் 30 ஜி.பி. வகை, ஊருக்கு ஊர் ஒரே நாளில் உறைந்து நின்றது. காரணம், உள்ளிருந்த கடிகாரத்துக்கான ஒரு சிறிய லூப். 1980 முதல் எத்தனை நாள் கடந்தன என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, அது 365ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை ஆண்டு ஆண்டாகக் கழித்துக்கொண்டே வரும். சாதாரண ஆண்டென்றால் 365 கழி. லீப் ஆண்டென்றால், எண் 366ஐவிடப் பெரிதா என்று பார்த்து, பெரிதென்றால் 366 கழி.

2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் மீதமிருந்த எண் சரியாக 366. 365ஐவிடப் பெரிது, ஆகவே லூப்புக்குள் நுழைய வேண்டும். 366ஐவிடப் பெரிதல்ல, ஆகவே எதையும் கழிக்கக் கூடாது. எதுவும் நகரவில்லை. மறுபடியும் அதே நிபந்தனை, அதே விடை, முடிவில்லாமல். பேட்டரி தீரும்வரை விட்டு மறுநாள் இயக்குங்கள் என்பதே நிறுவனம் சொன்ன தீர்வு. மறுநாள் எண் 367 ஆனதும் கழித்தல் நடந்தது, கருவி உயிர்பெற்றது. மற்ற எல்லா நாளும் ஒழுங்காக ஓடும் லூப் ஒரே ஒரு நாளில் நிற்காமல் போகலாம். அதனால்தான் எல்லையில் உள்ள எண்ணை, 365, 366, 367 என்று, தனியாகக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிரவுசரில் நிற்காத லூப்புக்கு இன்னொரு விளைவு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதும், பக்கத்தை வரைவதும், நம் சொடுக்கைக் கவனிப்பதும் ஒரே தடத்தில் மாறி மாறி நடக்கின்றன. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறதென்றால் ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. லூப் தடத்தை விட்டு இறங்காவிட்டால் பக்கம் உறைந்துவிடும். 'பொத்தானை அழுத்தும்வரை காத்திரு' என்பதற்குப் புதியவர்கள் ஒரு வெற்று லூப் எழுதிவிடுவார்கள். பொத்தானை அழுத்தலாம், ஆனால் அந்தச் செய்தி வரிசையில் காத்துக்கிடக்கும், லூப் முடிந்தால்தான் கவனிக்கப்படும். லூப்போ அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது. காத்திருக்கும் வேலையை வலைநிரலில் லூப்பிடம் கொடுக்கக் கூடாது. 'அழுத்தினால் இதைச் செய்' என்று பிரவுசரிடம் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும்.

யாருக்கும் தெரியாத ஒரு நிறுத்தம்

ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லும் பொதுவான நிரலை எழுத முடியுமா? முடியாது. ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிடைக்கும் முடிவு அது. எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் அப்படி ஒரு சோதனை இருக்கவே முடியாது. ஆகவே நாம் எழுதும் ஒவ்வொரு லூப்புக்கும் அது நிற்கும் என்ற காரணத்தை நாமே சொல்ல வேண்டும்.

சில லூப்புகளுக்கு அந்தக் காரணம் யாருக்குமே தெரியாது. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள். ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். 1 வரும்வரை திரும்பச் செய்யுங்கள். லோதர் கொலாட்ஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் இந்தப் புதிரை, லூப் கற்ற அன்றே ஐந்தாறு வரிகளில் எழுதிவிடலாம். 6இல் தொடங்கினால் 8 படிகளில் 1 வந்துவிடும். 27இல் தொடங்கினால் 111 படிகள் ஆகும். நடுவில் 9,232 வரை ஏறி இறங்கும். 2020க்குள் 21 இலக்க எண்கள்வரை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாமே 1க்கு வந்தன. எல்லா எண்ணும் வருமா என்பதற்கு நிரூபணம் இல்லை. 2019இல் டெரன்ஸ் டாவ் ஒரு முக்கியமான பகுதி முடிவை எட்டினார். முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

இந்த லூப்பின் தொடக்கம் தெரிகிறது, நிறுத்தம் தெரிகிறது, நகர்வும் தெரிகிறது. அந்த நகர்வு நிறுத்தத்தை நோக்கித்தான் போகிறதா என்பது மட்டும் தெரியவில்லை. கோலத்தின் லூப்பில் புள்ளி சுற்றுக்கு ஒன்று குறைந்தது. ஆகவே 8ஐத் தாண்டியே தீரும். எழுத்து அட்டவணையில் பட்டியல் தீர்ந்தே தீரும். ஜூன் கருவியில் ஒரு நாள் மட்டும் நகர்வே இல்லை. நல்ல நிரலாளரையும் திணறுபவரையும் பிரிப்பது இந்த ஒரு பழக்கம்: லூப்பை எழுதும் முன், 'ஒவ்வொரு சுற்றும் முடிவுக்கு நெருங்குகிறது, ஏனென்றால்...' என்று தொடங்கும் வாக்கியத்தைத் தாளில் எழுதி முடிப்பது. வலைப்பக்கத்துக்காக நீங்கள் எழுதப்போகும் பெரும்பாலான லூப்புகளுக்கு அது ஒரே வரியில் முடிந்துவிடும். முடியாத இடத்தில் நிரலை ஓட்டாதீர்கள், முதலில் யோசியுங்கள்.